சொன்னவர் வாசல் வரைக்கும்

தோட்டத்தில் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பாசத்தால் என்று சொன்னால் அது பொய். பயம்தான் காரணம்.

மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் ஆலைக் கிராணியாக இருந்தேன். தேயிலைக் காட்டிலிருந்து வரும் கொழுந்தை நிறுத்து வாங்குவது, எடையை எழுதிச் சிட்டுப் போடுவது, ஆலையில் என்ன நடந்தாலும் அதை எழுதித் தோட்டத்து மேனேஜரான துரைக்கு அனுப்புவது, இதுதான் என் வேலை. அக்கா கொழுந்து எடுப்பவர். சமமான இடங்களில் இரண்டு பேர் பிடிக்கும் மிஷினோடு பங்களாதேஷ் பிள்ளைகள் இறங்கிவிட்டார்கள். மிஷின் ஏறாத செங்குத்துச் சரிவுகளில் மட்டும் கத்தரியோடு நம் பெண்கள் சிலர் மிச்சம் இருந்தார்கள். அதில் அவர் ஒருவர்.

பயம் என்றதும் அவரைச் சண்டைக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு கேள்வி. "யாரு சொன்னா?" அவ்வளவுதான். யாராவது ஒரு சேதியைக் கொண்டுவந்து காதில் போட்டால், அது எங்கிருந்து கிளம்பியது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரு பெயர் கிடைத்ததும் அந்த வீட்டுக்கு நடப்பார். அங்கே இன்னொரு பெயர் கிடைக்கும். அந்த வீட்டுக்கும் நடப்பார். வேலை விட்டு வந்த கோலத்திலேயே, இடுப்பில் பிளாஸ்டிக் படுதாவும் காலில் பூட்ஸுமாக, ஒரு கையில் மகனைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார். உள்ளே வரமாட்டார். தேத்தண்ணி கொடுத்தால் வாங்கமாட்டார். கடைசியாக, முதன்முதலில் சொன்ன ஆளின் வாசலுக்கு வந்து சேர்ந்ததும் அந்த ஆளின் முகத்தை நன்றாகப் பார்ப்பார். "தெரிஞ்சிக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். அப்படிப் பார்க்கப்பட்டவர்கள் பிறகு ஒரு மாதத்துக்கு அவர் எதிரே வந்தால் வேறு பாதையில் இறங்கிப் போவதை நான் ஆலை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன்.

அவரை இப்படி நடக்கவைத்தது அவர் மகன். பையனுக்கு நீள முகம், பெரிய காது. யார் முகத்தையும் நேராகப் பார்க்கமாட்டான். வணக்கம் சொல்லும்போதுகூடத் தலையைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வான், ஆனால் சொல்லாமல் விடமாட்டான். ஆலையில் சங்கு ஊதினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். கொழுந்து லோரியைக் கண்டால் இரண்டு கைகளையும் படபடவென்று உதறிக்கொண்டு "லோரி வந்துருச்சு, லோரி வந்துருச்சு" என்பான். லோரி போய் அரைமணி நேரம் ஆன பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருப்பான். புறங்கையைக் கடித்துக் கடித்து அங்கே தோல் காய்த்துப் போயிருந்தது.

ஒரு பிள்ளை இப்படி இருந்தால் தோட்டத்து வாய் சும்மா இருக்குமா? ஆளுக்கொரு காரணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எத்தனை காரணம் வந்தாலும் எல்லாம் கடைசியில் பெற்றவள் தலையில்தான் போய் விடிந்தன. அவள் என்ன தின்றாள், எங்கே போனாள், எதைப் பார்த்துப் பயந்தாள். பிள்ளையின் அப்பா என்ன தின்றார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

முதலில் வந்தது பாம்புக் கதை. வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது அக்கா ஒரு பாம்பைக் கத்தரியால் அடித்துக் கொன்றாராம், அந்தப் பாவம் பிள்ளையின் நாக்கில் போய் உட்கார்ந்துகொண்டதாம். மாமியார் இதைச் சொல்லி, புற்றுக்கு முட்டையும் பாலும் வைக்கச் சொன்னார். அக்கா முட்டையை அவித்து மகனுக்குக் கொடுத்துவிட்டு, யார் சொன்னது என்று கேட்டார். மாமியாருக்குச் சொன்னவர் அடுத்த லயன் வீட்டு வரிசையில் ஒரு பெண். அவருக்குச் சொன்னவர் ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண். இப்படி ஐந்து வாசல் ஏறி இறங்கி ஆறாவது வாசலுக்குப் போனபோது, கூடவே கொழுந்து எடுக்கிற ஒருத்தி அழுதுவிட்டாள். அவள் சொன்னது இவ்வளவுதானாம்: ஒரு நாள் காட்டில் பாம்பு வந்தது, எல்லோரும் ஓடினோம், அக்காவும் ஓடினார். அதுவும் அக்காவுக்குக் கல்யாணமே ஆகாத காலத்தில். பாம்பு பத்திரமாகப் போய்விட்டது. ஆறு வாசல் தாண்டி வருவதற்குள் அது செத்து, சாபம் கொடுத்து, ஒரு பிள்ளையின் நாக்கையும் கட்டிவிட்டது.

பிறகு வாட்ஸ்அப் வந்தது. தடுப்பூசி போட்டதால்தான் பிள்ளைகள் இப்படி ஆகிறார்கள் என்று யாரோ ஒருவர் கண்ணீரும் கம்பலையுமாகப் பேசிய குரல் பதிவு. கோலா தெர்லாவில் இருக்கும் நாத்தனார் அனுப்பியிருந்தார். அக்கா நாத்தனாரைக் கூப்பிட்டார். நாத்தனாருக்கு அனுப்பியவரின் எண்ணை வாங்கி அவரைக் கூப்பிட்டார். அவருக்கு அனுப்பியவர் கிள்ளானில் ஒரு மனிதர். நான் அதை முழுசாகக் கேட்கவே இல்லையம்மா, வந்தது, தட்டிவிட்டேன் என்றாராம் அவர். அக்கா இதை என்னிடம் சொன்னபோது சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று. கேட்காமலே தட்டிவிடுகிற மனிதனுக்கு ஒரு போன் எதற்கு என்று கேட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இதில் ஒரு காரணம் அவரே கண்டுபிடித்தது. நாலு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது அவரைப் புல்லுக்கு மருந்தடிக்க அனுப்பியிருக்கிறார்கள். முகத்துக்குக் கவசம் தரவில்லை. அந்த மருந்துதான் பிள்ளைக்குள் போய்விட்டது என்று அவர் இரண்டு வருடம் உறுதியாக நம்பினார். நானும் நம்பினேன். தோட்டத்து மேல் பழி போட இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. ஆனால் ஈப்போ ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், அப்படிச் சொல்ல முடியாது, இது பார்வைக்கே பிறவியில் வந்த வேறு ஏதோ மாதிரி இருக்கிறது, ரத்தத்தைக் கோலாலம்பூருக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும் என்றார். அக்கா வீட்டுக்கு வந்து யோசித்திருக்கிறார். மருந்தால்தான் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை, நானாகச் சொல்லிக்கொண்டது. அன்றோடு அதை விட்டுவிட்டார். பிள்ளைத்தாச்சிப் பெண்ணைக் கவசம் இல்லாமல் மருந்தடிக்க அனுப்பியது அயோக்கியத்தனம்தான், அதில் மாற்றமே இல்லை. ஆனால் தனக்குத் தோதான ஒரு காரணத்தைக்கூட நிரூபணம் இல்லாமல் வைத்துக்கொள்ள அந்தப் பெண் சம்மதிக்கவில்லை. படித்தவன் என்று சொல்லிக்கொள்ளும் எனக்கு அந்தப் பழக்கம் வரவில்லை.

இனி என் விஷயம்.

அக்காவின் அப்பா எங்கள் தோட்டத்துக் கொழுந்து லோரி டிரைவர். பையன் கையை உதறிக்கொண்டு கும்மாளம் போட்டது தாத்தாவின் லோரியைப் பார்த்துத்தான். சாந்தமான மனிதர். ஆண்கள் கூடும் இடங்களில் உட்காரமாட்டார், வேலை முடிந்தால் வீடு. அதனால் அவர் குடிக்கமாட்டார் என்று அடித்துச் சொல்வதற்கும் ஆளில்லாமல் போயிற்று. அறுபதை நெருங்கியபோது அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. சும்மா மடியில் வைத்திருந்தால் நடுங்காது. ஒரு கோப்பையை எடுக்கக் கையை நீட்டினால் கோப்பையைத் தொடுவதற்குள் ஆடும். நடக்கும்போது காலை அகட்டி வைத்து நடந்தார்.

ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு, கொழுந்து இறக்கும் கொட்டகைக்குப் பின்னோக்கி எடுத்தபோது லோரி தூணில் இடித்தது. பெரிய சேதம் இல்லை. யாருக்கும் அடியில்லை. அவர் இறங்கி வந்தார், கால் தள்ளாடியது. சிட்டில் கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டினேன். அவர் விரல் பேனாவைத் தாண்டிப் போய் மேசையைத் தட்டியது. நிறுக்கும் இடத்தில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவர்களைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. "டிரைவரு காலையிலயே ஏத்திட்டாரு போல லா" என்றேன். சிரித்தார்கள்.

அவ்வளவுதான் நான் செய்தது. சாயங்காலத்துக்குள் அது லயன்கள் எல்லாவற்றையும் சுற்றிவிட்டு, சம்சு சாராயப் போத்தல் ஒன்றும் சீட்டுக்கு அடியில் கிடைத்ததாக வளர்ந்து, துரையின் காதுக்கும் போயிருந்தது. துரை என்னைக் கூப்பிட்டு, குடித்திருந்தாரா என்று கேட்டார். என்னால் அப்போதுகூடத் தெரியாது என்று சொல்லியிருக்க முடியும். காலையில் சொன்ன வேடிக்கையைச் சாயங்காலம் இல்லையென்று சொன்னால் என் கௌரவம் என்ன ஆவது? ஆமாம் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் மூச்சை நான் முகர்ந்து பார்க்கவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரைக் கூப்பிட்டு நாடி பார்க்கச் சொல்லவில்லை. லோரியின் பிரேக்கைப் பட்டறையில் கழற்றிப் பார்த்தார்கள். மனிதரை ஒருவரும் சோதித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் அவர் அலுவலக வாசலில் என்னை நிறுத்தினார். தான் குடிக்கிறவன் இல்லை என்று உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார். துரை கேட்டார், எழுதினேன் என்றேன். அவர் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

லோரியைப் பறித்து, மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டும் வேலையில் போட்டார்கள். நடை தள்ளாடும் மனிதரைச் சரிவில் மண்வெட்டியோடு நிறுத்தினால் என்ன ஆகும்? விழுந்தார். விழுந்ததும் குடித்துவிட்டுத்தான் விழுந்தார் என்றார்கள். கடைசியில் வேலையை விட்டார். டிரைவர் வீடு புது டிரைவருக்குப் போயிற்று. மகள் வீட்டுக்கு வந்தார். ஒரு நாள் பேரனைத் தூக்கப் போய்க் கை ஆடிப் பிள்ளை கீழே விழப் பார்த்தது. மருமகன், இப்படிப்பட்ட பிள்ளை இருக்கிற வீட்டில் குடிகாரரை வைத்துக்கொள்ள முடியாது என்றார். மாமியார் அதற்குத் தாளம் போட்டார். பாம்புக்கும் தடுப்பூசிக்கும் வாசல் வாசலாக ஏறிய அக்கா, அப்பா குடிக்கிறார் என்ற பேச்சுக்கு மட்டும் யார் சொன்னது என்று கேட்கவில்லை.

கிழவர் ரிங்லெட்டுக்குப் போனார். அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர், முன்பு லோரியை நிறுத்திச் சாப்பிட வரும் பழக்கத்தில், கடைக்குப் பின்னால் சாமான் அறையில் இடம் கொடுத்தார். அக்கா பஸ்ஸில் யார் போனாலும் அவரிடம் சோறும் துணியும் கொடுத்தனுப்புவார். நேரில் போகமாட்டார். இப்படி ஆறு வருடம் போயிற்று. நான் தினமும் கொழுந்து நிறுத்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா என் மேசைக்கு முன்னால் வந்து சிட்டை வாங்கும்போதெல்லாம், இன்றைக்குக் கேட்டுவிடுவாரோ என்று தலையைத் தூக்காமல் எழுதிக் கொடுப்பேன். பிறகு அதுவும் பழகிவிட்டது.

பையனுக்குப் பத்து வயது நடக்கும்போதுதான் ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்தது. அத்தனை வருடம். தோட்டத்து டிரஸ்ஸர் பிள்ளை மெதுவாகப் பேசும் என்றார், டவுன் கிளினிக்கில் பொறுத்துப் பார்க்கச் சொன்னார்கள், பள்ளியில் வேறு வகுப்புக்கு எழுதிப் போட்டார்கள். ஒரு சிறங்கை ரத்தம்கூட வேண்டாம், ஒரு சின்னக் குழாய் ரத்தம் போதும். அதை எடுக்க வைப்பதற்கு ஒரு கொழுந்து எடுக்கும் பெண் பத்து வருடம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கெஞ்ச வேண்டியிருந்தது.

கோலாலம்பூரில் அந்த டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண். ஃபிராஜைல் எக்ஸ் என்று நோயின் பெயரைச் சொல்லி, காகிதத்தில் குடும்பத்தை வட்டமும் சதுரமுமாக வரைந்திருக்கிறார். இது அம்மா வழியாகப் பிள்ளைக்கு வந்திருக்கிறது என்று சொன்னதும், கூடப் போயிருந்த மாமியார், நான் அன்றைக்கே சொன்னேனே என்று எழுந்துவிட்டாராம். அக்கா அவரை உட்காரச் சொல்லியிருக்கிறார். என் வழியாக வந்தது உண்மை, நான் வரவழைக்கவில்லை என்று அங்கேயே, டாக்டர் முன்னாலேயே சொல்லியிருக்கிறார். டாக்டர் அடுத்த கேள்விக்குப் போனார். உன் அப்பாவுக்குக் கை நடுங்குமா, எதையாவது எடுக்கக் கையை நீட்டும்போது? நடுங்கும். நடை தள்ளாடுமா? தள்ளாடும், ஆனால் அது குடியால் என்று அக்கா சொன்னார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்து, "சியாப்பா சாக்காப்?" என்றார். யார் சொன்னது என்று.

தன்னுடைய கேள்வி மலாயில் தன்னிடமே வந்து நிற்கும் என்று அக்கா எதிர்பார்க்கவில்லை. பதில் சொல்ல அவரிடம் ஒரு பெயர்கூட இல்லை.

அவர் உடனே என் வாசலுக்கு வந்துவிடவில்லை. முதலில் ரிங்லெட்டுக்குப் போனார். பாயிடம் கேட்டார். பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. ஆறு வருடமாக என் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் படுக்கிற மனிதர், குடித்தால் எனக்குத் தெரியாதா, இஞ்சி டீயைத் தவிர அவர் வாயில் ஒன்றும் பட்டதில்லை, இதை இப்போது வந்து கேட்கிறாயே மகளே என்றாராம். அக்கா அப்பாவை ஈப்போவுக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுக்க வைத்தார். அந்தப் பதில் வர மூன்று மாதம் ஆயிற்று. டாக்டர் சந்தேகப்பட்டதுதான் உறுதியாயிற்று. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாசல் வாசலாக நடக்க ஆரம்பித்தார். மாமியார், புருஷன், தண்ணீர் லோரி ஓட்டுபவர், ஆயாக் கொட்டகை, நிறுக்கும் இடத்தில் நின்ற பெண்கள். ஒன்பதாவது வாசல் என்னுடையது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். நான் முன் கதவைத் திறந்து வைத்துச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பூட்ஸோடு நின்றார், பையன் சுவரைப் பார்த்து எனக்கு வணக்கம் சொன்னான். எல்லோரும்தான் அப்படிச் சொன்னார்கள் என்று நான் ஆரம்பித்தேன். எல்லோரும் சொன்னதை விடுங்கள், முதலில் சொன்னது யார் என்றார். இஸ்திரிப் பெட்டி சட்டையில் இருந்ததைக்கூட மறந்து நான் நின்றேன். சட்டை கருகும் வாசம் வந்தது. நான்தான் என்றேன்.

தெரிஞ்சிக்கிட்டேன் என்று திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் திரும்பவில்லை. முதல் தடவையாக ஒரு வாசற்படியில் உட்கார்ந்தார். டாக்டர் சொன்னதையெல்லாம் எனக்குச் சொல்ல ஆரம்பித்தார்.

"ஒரு புரதம் கிராணி. மூளைக்குள்ள இன்ன வேல செய்யணும்னு சிட்டு எழுதி எழுதிப் போவுமாம். இந்தப் புரதம் அந்தச் சிட்டையெல்லாம் கையில புடிச்சி வச்சிக்கும். இப்ப வேணாம், இரு. இந்தா, இப்பப் போ. நம்ம பெரட்டுல காலையில கங்காணி நின்னு ஆள் பிரிச்சி அனுப்புவாருல்ல, அதுமாதிரி. எம் புள்ளைக்கு அந்தக் கங்காணி இல்ல. எல்லாச் சிட்டும் ஒரே நேரத்துல வேலைக்கு ஓடுது. மூள இல்லாத புள்ளன்னு எத்தன பேரு சொன்னாங்க. எல்லாம் இருக்கு. நிறுத்தி அனுப்பத்தான் ஆள் இல்ல."

பிறகு நானும் தேடிப் படித்தேன். அந்தச் சிட்டுக்கு ஆர்.என்.ஏ. என்று பெயர். அதைப் பற்றிப் பிடிக்கும் புரதங்கள் பல இருக்கின்றன, அதில் ஒன்று இல்லாமல் போனதுதான் பையனின் நோய். கிழவர் விஷயம் வேறு. அவருடைய மரபணுவில் திரும்பத் திரும்ப வரும் ஓர் எழுத்துத் தொடர் கொஞ்சம்தான் நீண்டிருந்தது. அதனால் புரதம் உண்டாயிற்று, வாலிபத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் நீண்டுபோன சிட்டுகள் மூளையில் அளவுக்கு மேல் சேர்ந்து, வேறு வேலைக்குப் போக வேண்டிய புரதங்களைத் தம்மோடு பிடித்து வைத்துக்கொள்கின்றனவாம். வயதான பிறகு கை ஆடும், கால் தடுமாறும், ஞாபகம் தேயும். அவரிடமிருந்து மகளுக்கு வந்த எழுத்து, மகளிடமிருந்து பேரனுக்குப் போகும்போது இன்னும் நீண்டு, மரபணுவின் வாயையே அடைத்துவிட்டது. தாத்தாவும் பேரனும் ஒரே நோவின் இரண்டு முனைகள். ஒருவரைக் குடிகாரர் என்றோம், இன்னொருவனை மந்தம் என்றோம்.

"நான் எல்லாத்தையும் கேட்டேன் கிராணி" என்றார் அக்கா. "இத மட்டும் கேக்கல. ஏன்னா எனக்கும் அது வசதியா இருந்திச்சி. ஒரு வீட்டுல ரெண்டு பேர என்னால பார்த்துக்க முடியாது. குடிகாரருன்னு சொன்னா அனுப்பிரலாம்ல."

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. நான்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கிறேன், அவர் கோப்பில் வைக்கச் சொல்கிறேன் என்றேன்.

"கடுதாசி ஃபைலுக்குள்ள போயி படுத்துக்கும். நீங்க வாயால சொன்னதுதான ஊரெல்லாம் போச்சி. பெரட்டுல வந்து வாயாலயே சொல்லுங்க. எங்கப்பாவ நான் கூட்டியாறேன்."

நான் பதினொரு நாள் சாக்குச் சொன்னேன். மழை என்றேன், ஆலையில் மிஷின் கோளாறு என்றேன், புது துரையிடம் கேட்க வேண்டும் என்றேன். துரை கேட்டவுடனே, ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள் என்று சொல்லிவிட்டார். அதை அக்காவிடம் சொல்ல எனக்கு மேலும் மூன்று நாள் ஆயிற்று. ஒரு மனிதரின் பெயரைக் கெடுக்க எனக்கு ஒரு மூச்சு நேரம்தான் தேவைப்பட்டது. அதைத் திருத்த அவ்வளவு நாள் இழுத்தடித்தேன். அக்கா என்னை அவசரப்படுத்தவில்லை. தினமும் சிட்டை வாங்கும்போது, என்றைக்கு என்று மட்டும் கேட்டார்.

அன்று காலை பெரட்டுக் களத்தில் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். அதில் நம் ஆட்கள் பன்னிரண்டு பேர் இருந்தால் அதிகம். மற்றவர்கள் பங்களாதேஷ், நேப்பாளத்துப் பிள்ளைகள். லோரி தூணில் இடித்தபோது அவர்களில் ஒருவரும் இந்த நாட்டிலேயே இல்லை. என்னோடு சிரித்தவர்களில் பாதிப்பேர் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் குடிபோய்விட்டார்கள். சம்சு போத்தலைச் சேர்த்துச் சொன்ன ஆள் செத்தே போய்விட்டார். பழி சுமத்தும்போது இந்தத் தோட்டமே கூடி நின்றது. அதை இறக்கி வைக்கும்போது ஆளைக் காணோம். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் அதைக் காட்டுவது?

பாய் தன் வேனில் கிழவரைக் கொண்டுவந்து இறக்கினார். சலவைச் சட்டை போட்டுத் தலை வாரி விட்டிருந்தார்கள். அவர் காலை அகட்டி வைத்து மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பையன் அவருடைய இன்னொரு கையைப் பிடித்திருந்தான்.

நான் முன்னால் வந்தேன். ஏழு வருடத்துக்கு முன்னால், டிரைவர் குடித்துவிட்டு லோரியை இடித்தார் என்று முதலில் சொன்னவன் நான் என்றேன். அவர் குடிக்கவில்லை, நான் பார்க்கவும் இல்லை, விசாரிக்கவும் இல்லை, சும்மா சிரிப்பதற்காகச் சொன்னேன், பிறகு அதையே உண்மை என்று எழுதியும் கொடுத்தேன் என்றேன். அது நோவு, ரத்தத்தில் பார்த்து டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றேன். நம் ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். கங்காணி, யாரும் கேட்காமலே, நான் சொன்னதை மற்றவர்களுக்கு மலாயில் திருப்பிச் சொன்னார்.

கிழவர் கழுத்தை நீட்டி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் மகள் பக்கம் குனிந்தார்.

"யாரும்மா அந்த டிரைவரு?"

அக்கா அவர் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தார்.

"பாவம்" என்றார் அவர். "வேலய விட்டுத் தூக்கிட்டாங்களா அவன?"

அக்கா என்னைப் பார்த்தார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க கிராணி. எங்கப்பாவப் பார்த்துச் சொல்லுங்க."

நான் அவர் பக்கத்தில் போய், அவர் கண்ணைப் பார்த்து, ஐயா அது நீங்கள்தான், நீங்கள் குடிக்கவில்லை, நான் சொன்னது பொய் என்றேன். முன்பின் தெரியாத ஒருவர் ஏதோ நல்லது சொல்கிறார் என்பது போல அவர் மரியாதையாகத் தலையாட்டினார். அக்கா இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது போலிருக்கிறது, கங்காணி ஆட்களைக் காட்டுக்குப் பிரித்து அனுப்பத் தொடங்கினார். கூடைகளோடு அவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.